எலக்ட்ரிக் போட் கன்வர்ஷன்ல மோட்டார் சத்தத்தைக் குறைக்கறது எப்படி: எதை முதல்ல தொடணும், எதைக் கடைசியா தொடணும்

டீசல் இன்ஜினைக் கழட்டிட்டு மோட்டார் மாட்டினதும் எல்லாரும் எதிர்பார்க்கறது அமைதி, ஆனா கிடைக்கறது பல நேரம் ஒரு கூர்மையான "ஙீ"ங்கிற சத்தம். உடனே போய் ஃபோம் ஷீட் வாங்கி மோட்டாரைச் சுத்தி ஒட்டிடறாங்க, சத்தம் கொஞ்சம் மாறுது, போகல, அப்புறம் இன்னும் தடிமனா ஃபோம். அது கடைசில செய்ய வேண்டிய வேலை. சத்தம் காத்து வழியா வர்றதை விட போட்டோட உடம்பு வழியாத்தான் அதிகமா வருது, அதை ஃபோம் தொடக்கூட செய்யாது. அதனால இங்க நான் எழுதியிருக்கற வரிசையை மாத்தாம போங்க, ஒவ்வொரு ஸ்டெப்பும் அதுக்கு அடுத்ததைப் பாதிக்கும்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஸ்பெக்ட்ரம் காட்டற ஆப் ஒண்ணு போன்ல போட்டுக்கோங்க. டெசிபல் மட்டும் காட்டற ஆப் போதாது, எந்த ஃப்ரீக்வென்சில சத்தம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஆளைப் பிடிக்க முடியும். கூடவே போன்ல இருக்கற ஆக்ஸிலரோமீட்டரைப் படிக்கற ஆப் ஒண்ணும் வேணும், ஏன்னா போன் மைக் ரொம்ப தாழ்ந்த சத்தத்தை ஒழுங்கா பிடிக்காது, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழ வர்ற நடுக்கத்துக்கு இதுதான் உதவும்.

ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கற மெல்லிய தகடுகள்), நேரான ஸ்டீல் ஸ்கேல், ஷிம் (உயரம் சரி பண்ண அடியில வைக்கற மெல்லிய தகடு), டார்க் ரெஞ்ச், கன்ட்ரோலரோட (மோட்டாருக்குக் கரண்டை அளந்து குடுக்கற எலக்ட்ரானிக் பெட்டி) செட்டிங் சாஃப்ட்வேர் இதெல்லாம் ரெடியா இருக்கட்டும். ஆர்பிஎம் எவ்வளவுன்னு கன்ட்ரோலர் டிஸ்ப்ளேல வரணும், இல்லன்னா ஒரு டேக்கோமீட்டர் கண்டிப்பா வேணும்.

பெல்ட்லயோ கப்ளிங்லயோ (மோட்டாரையும் ஷாஃப்டையும் இணைக்கற பாகம்) கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி ஐசொலேட்டரை (மெயின் ஸ்விட்ச்) ஆஃப் பண்ணி, கன்ட்ரோலர் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் காத்திருங்க. இன்னொண்ணு, பெர்மனென்ட் மேக்னெட் மோட்டார்னா ஷாஃப்ட் சுத்தினாலே வோல்டேஜ் வரும். நீரோட்டத்துல ப்ரொப்பெல்லர் தானா சுத்திட்டு இருக்கும்போது ஃபேஸ் கேபிளை (கன்ட்ரோலர்லேர்ந்து மோட்டாருக்குப் போற மூணு கேபிள்) கழட்டறது நல்ல யோசனை இல்ல, ஷாஃப்டை லாக் பண்ணிட்டு செய்ங்க.

2. முதல்ல ரெக்கார்ட் பண்ணுங்க, எதையும் திருப்பாதீங்க

போட் தண்ணியில இருக்கணும், லோடு இருக்கணும். கரையில ஸ்டாண்ட்ல வச்சு ஓட்டிப் பார்க்கறதுல அர்த்தம் இல்ல, லோடு இல்லாத மோட்டார் வேற மாதிரி சத்தம் போடும். அதோட தண்ணியால லூப்ரிகேட் ஆகற கட்லஸ் பேரிங் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்கற ரப்பர் பேரிங்) காஞ்சு ஓடினா சீக்கிரமே கெட்டுடும்.

போனை ஒரே இடத்துல வச்சு (காக்பிட்ல ஒரு இடம், உள்ள ஒரு இடம், டேப் ஒட்டி மார்க் பண்ணிக்கோங்க) ஆர்பிஎம்மை 200, 200ஆ ஏத்திட்டே ரெக்கார்ட் பண்ணுங்க. இடம் மாறினா ரீடிங்கும் மாறிடும், அப்புறம் நீங்க செஞ்ச மாத்தம் வேலை செஞ்சுதா இல்லையான்னு சொல்லவே முடியாது. இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. நாலு வேலையை ஒரே நாள்ல செஞ்சுட்டு "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு"ம்பாங்க, எதனால குறைஞ்சதுன்னு கேட்டா தெரியாது. 10 டெசிபல் குறைஞ்சாத்தான் காதுக்குப் பாதியா தெரியும், அதனால ஒவ்வொரு வேலையும் குடுக்கற ரெண்டு மூணு டெசிபலைக் காதை நம்பி அளக்க முடியாது.

3. எந்த சத்தம் எங்க விழும்னு கணக்கு போட்டு வைங்க

இது அஞ்சு நிமிஷ வேலை, பல வாரம் மிச்சமாகும். மோட்டார் 1200 ஆர்பிஎம்ல சுத்துதுன்னு வைங்க, 60ஆல வகுத்தா செகண்டுக்கு 20 சுத்து. இதுலேர்ந்து எல்லாம் வரும்:

ரோட்டர் பேலன்ஸ் சரியில்லன்னா 20 ஹெர்ட்ஸ். 5 போல் ஜோடி (வட துருவம், தென் துருவம் சேர்ந்த காந்த ஜோடி) இருக்கற மோட்டார்னா எலக்ட்ரிகல் ஃப்ரீக்வென்சி 100 ஹெர்ட்ஸ், டார்க் (சுத்து விசை) ஏத்த இறக்கம், அதாவது டார்க் ரிப்பிள், அதுக்கு ஆறு மடங்குல வரும், அதாவது 600 ஹெர்ட்ஸ். மோட்டார் புல்லில 28 பல் இருந்தா பெல்ட் சத்தம் 560 ஹெர்ட்ஸ். பெல்ட் 2:1 குறைச்சு ப்ரொப்பெல்லர் 600 ஆர்பிஎம்ல சுத்துது, 3 பிளேடுன்னா 30 ஹெர்ட்ஸ்.

பாருங்க, டார்க் ரிப்பிளும் பெல்ட்டும் 560, 600னு பக்கத்து பக்கத்துல இருக்கு, காதுக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான். கணக்கு போடாதவங்க பெல்ட்டை மாத்தி மாத்திப் பார்த்துட்டு இருப்பாங்க, கடைசில குத்தம் கன்ட்ரோலர்ல இருக்கும். அதனால புல்லி பல்லை, போல் எண்ணிக்கையை உத்தேசமா எழுதாதீங்க, எண்ணியே எழுதுங்க, டேட்டாஷீட் சிலது போல் எண்ணிக்கை குடுக்கும், சிலது போல் ஜோடி குடுக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டு மடங்கு.

4. ஆளைப் பிடிக்கற மூணு டெஸ்ட்

முதல் டெஸ்ட், ஆர்பிஎம்மை மெதுவா ஏத்துங்க. சத்தத்தோட சுதி கூடவே ஏறினா சுத்தற பாகம் ஏதோ ஒண்ணு. சுதி அப்படியே நின்னா கன்ட்ரோலர் ஸ்விட்சிங், கூலிங் ஃபேன், இல்ல பம்ப். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் கத்திட்டு அதைத் தாண்டினதும் அடங்கினா அது ரெசனன்ஸ், அதாவது பலகையோ பிராக்கெட்டோ தன்னோட சொந்த ஃப்ரீக்வென்சில ஆடுது.

ரெண்டாவது டெஸ்ட்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ரீஜெனை (சுத்தற ப்ரொப்பெல்லர்லேர்ந்து பேட்டரியைத் திருப்பி சார்ஜ் பண்ற வசதி) செட்டிங்ல ஆஃப் பண்ணிட்டு நல்ல வேகத்துல போய் த்ராட்டிலை டக்குனு ஜீரோவுக்குக் கொண்டு வாங்க. போட் ஓடிட்டே இருக்கும், தண்ணி ப்ரொப்பெல்லரைச் சுத்திட்டே இருக்கும், ஆனா மோட்டார்ல கரண்ட் இல்ல. சத்தம் அந்த நொடியே செத்துதுன்னா அது கரண்டால வர்ற சத்தம், கன்ட்ரோலர் பக்கம் போங்க. ஆர்பிஎம்மோட சேர்ந்து மெதுவா இறங்கிச்சுன்னா அலைன்மென்ட், பேரிங், ஷாஃப்ட் இதுல ஏதோ ஒண்ணு. பெல்ட்டும் கியரும் மட்டும் ரெண்டுங்கெட்டான், லோடு போனதும் அதுங்களும் பாதி அடங்கிடும், அங்க 3ல போட்ட கணக்கைத்தான் நம்பணும். இதைச் செய்ய மெயின் கான்டாக்டரை (பேட்டரியை கன்ட்ரோலரோட இணைக்கற பெரிய ஸ்விட்ச்) மட்டும் வெட்டிடாதீங்க, ஓடிட்டிருக்கற மோட்டார்ல அப்படி வெட்டினா கன்ட்ரோலர் போயிடலாம். த்ராட்டில் மட்டும்தான்.

மூணாவது, பெல்ட்டை இல்ல கப்ளிங்கைக் கழட்டிட்டு மோட்டாரை மட்டும் தனியா சுத்துங்க. தனியாவே கரகரன்னா மோட்டார் பேரிங். தனியா சுத்தும்போது அமைதியா இருக்குன்னா மோட்டார் நல்லாருக்குன்னு முடிவுக்கு வந்துடாதீங்க, லோடு இல்லாதப்போ டார்க் ரிப்பிள் பெருசா தெரியாது.

5. கன்ட்ரோலர் செட்டிங்: பெரும்பாலும் காசு செலவில்லாத வேலை, அதனால முதல்ல

ட்ரெபிசாய்டல் டைப் கன்ட்ரோலர்னா கரண்டை ஆறு படியா தள்ளும், ஒவ்வொரு படியிலயும் டார்க் ஒரு குலுக்கு குலுக்கும், மேல சொன்ன 600 ஹெர்ட்ஸ் அதுதான். சைன் வேவ், எஃப்ஓசி டைப் கன்ட்ரோலர் கரண்டை வழுவழுன்னு மாத்தும். என் கருத்தைக் கேட்டா, டெஸ்ட்ல சத்தம் ஆறாவது மடங்குல நிக்குது, கன்ட்ரோலர் ட்ரெபிசாய்டல்னு தெரிஞ்சா மத்த எதுலயும் செலவு பண்ணாதீங்க, கன்ட்ரோலரை மாத்துங்க. இந்த ஒரு மாத்தம் குடுக்கற வித்தியாசத்தை எந்த ரப்பரும் குடுக்காது.

ஏற்கனவே எஃப்ஓசி இருந்தும் கத்துதுன்னா மோட்டார் ஆட்டோட்யூனை (கன்ட்ரோலர் மோட்டாரைத் தானே அளந்து செட் பண்ணிக்கறது) மறுபடி ஓட்டுங்க. ரோட்டர் எந்தக் கோணத்துல இருக்குன்னு சொல்ற ஹால் சென்சார் இல்ல என்கோடர் ஆஃப்செட் சில டிகிரி தப்பா இருந்தாலே மோட்டார் முரட்டுத்தனமா ஓடும், தேவைக்கு மேல கரண்டும் இழுக்கும். நிறைய பேர் செய்யற தப்பு வேறொருத்தரோட செட்டிங் ஃபைலை அப்படியே ஏத்தறது. மோட்டார் மாடல் ஒண்ணாவே இருந்தாலும் சென்சார் உட்கார்ந்திருக்கற கோணம் ஒண்ணா இருக்காது.

அடுத்து பிடபிள்யூஎம் ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சி, அதாவது கன்ட்ரோலர் செகண்டுக்கு எத்தனை தடவை கரண்டை ஆன், ஆஃப் பண்ணுதுங்கறது. 8 கிலோஹெர்ட்ஸ்ல இருந்தா அந்த மெல்லிய விசில் தெளிவா கேட்கும், 16க்கு ஏத்தினா பெரியவங்க நிறைய பேருக்குக் கேட்கவே கேட்காது (சின்னப் பசங்களுக்குக் கேட்கும், அவங்களை விட்டு செக் பண்ணுங்க). ஆனா ஃப்ரீக்வென்சியை ரெண்டு மடங்காக்கினா ஸ்விட்சிங் நஷ்டமும் ரெண்டு மடங்காகும், கன்ட்ரோலர் சூடாகும், அதனால ஏத்தினதும் க்ரூஸ் வேகத்துல அரை மணி நேரம் ஓட்டி ஹீட்சிங்க் டெம்பரேச்சரைப் பாருங்க. உற்பத்தியாளர் குடுத்த எல்லையைத் தாண்டுச்சுன்னா ஒரு படி இறக்கிடுங்க.

மூணு ஃபேஸ் கேபிளையும் ஒண்ணா சேர்த்து, குட்டையா, அடிக்கடி க்ளாம்ப் போட்டுக் கட்டுங்க. தனித்தனியா விட்டா கேபிளே துடிக்கும், போதாததுக்கு ரேடியோல இரைச்சல் வேற வரும்.

6. மவுன்ட்டும் தள்ளுவிசையும்

அலைன்மென்ட்டுக்கு முன்னாடி மவுன்ட் ஏன்னு கேட்டா, மவுன்ட் மாத்தினா அலைன்மென்ட் போயிடும். இதைத் தலைகீழா செஞ்சுட்டு ரெண்டு தடவை வேலை பார்க்கறவங்கதான் அதிகம்.

பழைய டீசல் மவுன்ட் அப்படியே இருக்கேன்னு மோட்டாரை அது மேல உட்கார வச்சுடுவாங்க. கணக்கைப் பாருங்க. ரப்பர் மவுன்ட் எடையில எத்தனை மில்லிமீட்டர் அமுங்குதோ அதோட வர்க்கமூலத்தால 15.8ஐ வகுத்தா மவுன்ட்டோட சொந்த ஃப்ரீக்வென்சி ஹெர்ட்ஸ்ல வரும். 160 கிலோ டீசலுக்கு 4 மிமீ அமுங்கின மவுன்ட், 8 ஹெர்ட்ஸ். அதே மவுன்ட் மேல 40 கிலோ மோட்டார் வச்சா சுமார் 1 மிமீதான் அமுங்கும், கிட்டத்தட்ட 16 ஹெர்ட்ஸ். நடுக்கத்தோட ஃப்ரீக்வென்சி இதுக்கு 1.4 மடங்குக்கு மேல போனாத்தான் மவுன்ட் தடுக்கவே ஆரம்பிக்கும். இப்ப 3 பிளேடு ப்ரொப்பெல்லர் 320 ஆர்பிஎம்ல சுத்தினா 16 ஹெர்ட்ஸ், சரியா அங்கேயே போய் இடிக்குது. "வேகமா போனா ஒண்ணுமில்ல, மெதுவா போகும்போதுதான் நடுங்குது"ன்னு சொல்றவங்க போட்ல முதல்ல இதைத்தான் பார்க்கணும்.

அப்ப மோட்டார் எடைக்கு ஏத்த சாஃப்ட்டான, சுலபமா அமுங்கற மவுன்ட் போடணும். ஆனா இங்க ஒரு கொக்கி இருக்கு. ப்ரொப்பெல்லர் போட்டைத் தள்ளற விசை முழுக்க ஷாஃப்ட் வழியா எங்கயாவது தாங்கப்படணும். 5 கிலோவாட் மோட்டார் பெரிய ப்ரொப்பெல்லரோட நின்ன இடத்துல முழு த்ராட்டில் குடுத்தா சுமார் 100 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். அந்த விசை மோட்டார்லயே போய் முட்டினா சாஃப்ட் மவுன்ட் முன்னாடி சாஞ்சுடும், அலைன்மென்ட் த்ராட்டிலோட சேர்ந்து மாறும், அதோட பெரும்பாலான மோட்டாரோட பேரிங் இந்த நீளவாட்டு விசைக்காக செஞ்சதும் இல்ல.

தீர்வு, ஹல்லோட (போட்டோட உடம்பு) ஸ்டிரிங்கர்ல (உள்ள நீளவாட்டுல ஓடற பலமான கட்டை) கெட்டியா போல்ட் பண்ணின தனி த்ரஸ்ட் பேரிங் (தள்ளுவிசையைத் தாங்கற பேரிங்), அதுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஃப்ளெக்ஸிபிள் கப்ளிங் இல்ல சிவி ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சீரா சுத்தற இணைப்பு). பெல்ட் செட்டப்னா கீழ் புல்லி ஷாஃப்டை த்ரஸ்ட் பேரிங்கோட சேர்ந்த ஃப்ரேம்ல தாங்கி, மோட்டார், பெல்ட், புல்லி எல்லாத்தையும் ஒரே ஃப்ரேமா வைங்க. மோட்டார் மட்டும் ரப்பர்ல, கீழ் புல்லி ஹல்லுலன்னு பிரிச்சா பெல்ட் இழுவை மோட்டாரைச் சாய்ச்சுடும்.

த்ரஸ்ட் பேரிங் போட இடமே இல்லன்னா சாஃப்ட் மவுன்ட் ஆசையை விட்டுடுங்க, நீளவாட்டு விசையைத் தாங்கற டைப் மரைன் மவுன்ட்ல கிடைக்கறதுலயே சாஃப்ட்டானதை எடுத்துட்டு அத்தோட நிறுத்திக்கோங்க.

7. அலைன்மென்ட்

புது ரப்பர் மவுன்ட் எடையில உட்கார சில நாள் எடுக்கும், போட்டும் தண்ணியில இறங்கினப்புறம் வடிவம் லேசா மாறும், பேட்டரி எல்லாம் அதனதன் இடத்துல இருக்கணும். இத்தனையும் ஆனப்புறம்தான் ஃபீலர் கேஜை எடுக்கணும். கரையில வச்சு பக்காவா அலைன் பண்ணி இறக்கினா தண்ணியில அது பக்கா கிடையாது.

ஃப்ளெக்ஸிபிள் கப்ளிங் இருந்தா கழட்டிட்டு ரெண்டு ஃப்ளாஞ்சையும் (ஷாஃப்ட் முனையில இருக்கற வட்டத் தட்டு) பக்கத்துல கொண்டு வந்து, மேல, கீழ, இடது, வலதுன்னு நாலு இடத்துல இடைவெளியைப் பாருங்க. 100 மிமீ விட்டம் இருக்கற ஃப்ளாஞ்ச்ல வித்தியாசம் 0.1 மிமீக்குள்ள இருக்கணும். ஷாஃப்ட் தன் எடையில தொங்கும், அதைத் தாங்கிப் பிடிச்சு நடுவுக்குக் கொண்டு வராம அளந்தா எல்லா ரீடிங்கும் பொய்.

அப்புறம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டும் கால் சுத்து திருப்பி மறுபடி அளங்க. இடைவெளி அதே இடத்துல நின்னா அலைன்மென்ட் தப்பு, ஷிம் போட்டு சரி பண்ணலாம். இடைவெளியும் கூடவே சுத்தி வந்துச்சுன்னா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு இல்ல ஃப்ளாஞ்ச் நேரா இல்ல, ஷிம் எவ்வளவு போட்டாலும் தீராது, லேத் வேலைதான்.

ஃப்ளெக்ஸிபிள் கப்ளிங் இருக்கே, அது பார்த்துக்கும்னு விடறது சர்வ சாதாரணமா நடக்குது. அது பார்த்துக்கும்தான், ஆனா ஒவ்வொரு சுத்துலயும் வளைஞ்சு நிமிர்ந்து, சத்தம் போட்டுட்டே.

8. பெல்ட், கியர்

பல் பெல்ட்ல சத்தத்துக்கு முக்கியமான காரணம் மூணு: அதிக இறுக்கம், புல்லி நேர்க்கோட்டுல இல்லாதது, தேவைக்கு மேல அகலம். இறுக்கமா இருந்தா பாதுகாப்புன்னு நினைச்சு முறுக்கிடறாங்க, பெல்ட் ஊளையிட ஆரம்பிக்குது, பேரிங் ஆயுசும் குறையுது. பெல்ட்டை விரலால சுண்டி அது போடற சத்தத்தோட ஃப்ரீக்வென்சியைப் போன்ல பாருங்க, பெல்ட் கம்பெனி குடுக்கற டென்ஷன் ஃப்ரீக்வென்சியோட ஒப்பிடுங்க, கட்டை விரல் அனுபவத்தை விட இது நம்பகமானது.

ஸ்டீல் ஸ்கேலை ரெண்டு புல்லி முகத்துலயும் வச்சா நாலு இடத்துலயும் தொடணும். எல்லாம் சரியா இருந்தும் சத்தம் மிஞ்சினா சாய்வான பல் இருக்கற பெல்ட் புல்லி செட் போடலாம். பல் முழு அகலத்துலயும் ஒரே நேரத்துல அடிக்காம ஓரத்துலேர்ந்து உருண்டு கடிக்கறதால அது இயல்பாவே அமைதி.

பழைய கியர்பாக்ஸை அப்படியே விட்டிருந்தா ஒரே கேள்வி, எதுக்கு? மோட்டாரே ரிவர்ஸ் சுத்தும், நியூட்ரலும் தேவையில்ல. குறைப்பு விகிதத்துக்காக வச்சிருக்கீங்கன்னா சரி, ஆனா கியர் சத்தத்தோட வாழப் பழகிக்கணும்.

9. ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர்

கட்லஸ் பேரிங் டீசல் காலத்துலயும் கீச்சிட்டுதான் இருந்திருக்கும், இப்பதான் காதுல விழுது. மெதுவா சுத்தும்போது மட்டும் கீச்சுன்னா ரப்பருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல தண்ணிப் படலம் சரியா உருவாகல. தண்ணி போற வழி அடைச்சிருக்கான்னு பாருங்க, ஷாஃப்ட் சாஞ்சு ஒரு பக்கம் அழுத்துதான்னும் பாருங்க.

மோட்டார் குறைஞ்ச ஆர்பிஎம்ல நல்ல டார்க் குடுக்கும்னு பெரிய ப்ரொப்பெல்லர் போடறது சரியான முடிவு, ஆனா பிளேடு நுனிக்கும் ஹல்லுக்கும் இடைவெளி விட்டத்துல 15 சதவீதம் இருக்கட்டும், 10க்குக் கீழ போகவே கூடாது. 350 மிமீ ப்ரொப்பெல்லர்னா 50 மிமீ. இதை விட நெருங்கினா ஒவ்வொரு பிளேடும் தாண்டும்போது தண்ணி ஹல்லை அடிக்கும், அது உள்ள "தும் தும்"னு கேட்கும், மோட்டார் பக்கம் என்ன செஞ்சாலும் போகாது. அகலமான ஸ்கெக் (ப்ரொப்பெல்லருக்கு முன்னாடி ஹல்லுக்கு அடியில நீட்டிட்டு இருக்கற துடுப்பு மாதிரி பாகம்) பின்னாடி 2 பிளேடு போட்டாலும் இதே கதைதான், ரெண்டு பிளேடும் ஒரே நேரத்துல நிழல்ல மறையும். அங்க 3 பிளேடு போடுங்க.

ஒரு ஆர்பிஎம் பட்டையில மட்டும் ப்ரொப்பெல்லர் சுத்தமா ஒரே சுதியில பாடினா பிளேடோட பின் விளிம்புல சுழல் உருவாகி பிளேடை அதிர வைக்குது. பின் விளிம்பை ஒரு பக்கமா சரிவா செதுக்கினா நின்னுடும். இதை ப்ரொப்பெல்லர் சரி பண்றவங்க கிட்ட குடுங்க, வீட்ல க்ரைண்டர் வச்சு செய்யற வேலை இல்ல.

10. ஹல், பலகை, தொங்கிட்டு இருக்கறது எல்லாம்

மெல்லிசு ப்ளைவுட் தடுப்புல கன்ட்ரோலரை ஸ்க்ரூ பண்ணினா அந்தப் பலகை மிருதங்கத் தோல் மாதிரி அதிரும். கன்ட்ரோலரை கெட்டியான ஒரு தட்டுல பொருத்தி, அந்தத் தட்டை ரப்பர் க்ராமெட்ல (ஸ்க்ரூவைச் சுத்தி வர்ற ரப்பர் வளையம்) நிறுத்துங்க. கூலன்ட் பம்பும் அப்படியே, அதோட ஹோஸை வளைவு விட்டு மாட்டுங்க, விறைப்பா இழுத்து மாட்டின ஹோஸ் ரப்பர் மவுன்ட்டோட வேலையைக் கெடுத்துடும். ஃபேஸ் கேபிளும் கடைசி க்ளாம்ப்லேர்ந்து மோட்டார் வரைக்கும் கொஞ்சம் தொங்கலா இருக்கணும்.

மோட்டார் ஓடும்போது உள்ளங்கையால பலகைகளை ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க. அழுத்தினதும் சத்தம் மாறற பலகைக்கு அலுமினியத் தாள் ஒட்டின பியூட்டில் டேம்பிங் ஷீட் போடுங்க. பலகை முழுக்க வேண்டாம், அதிகமா ஆடற நடுப்பகுதில பாதி அளவு ஒட்டினாலே போதும். ஆடாத பலகைக்கு ஒட்டறது வெறும் எடை.

11. இப்ப ஃபோம், பாக்ஸ்

இதுக்கு மேல மிஞ்சற சத்தம்தான் காத்து வழியா வர்றது. பாக்ஸ்ல ரெண்டு வேலை இருக்கு, எடை சத்தத்தை உள்ள நிறுத்தும், ஃபோம் உள்ள நின்ன சத்தத்தை உறிஞ்சும், ஒண்ணு மட்டும் போட்டா பாதி பலன்தான். கனமான வினைல் ஷீட் ஒட்டின ப்ளைவுட் பாக்ஸ், உள்பக்கம் ஓப்பன் செல் ஃபோம். க்ளோஸ்டு செல் ஃபோம் சத்தத்தை உறிஞ்சாது, வாங்கும்போது பெயர் மாறிடப் போகுது. ஓப்பன் செல் ஈரத்தைக் குடிக்கும்கிறதால மேல மெல்லிய படலம் ஒட்டினதா, தீப்பிடிக்காத ரகமா பார்த்து எடுங்க.

பாக்ஸ் மோட்டாரையோ அதோட ஃப்ரேமையோ எங்கயும் தொடக்கூடாது, தொட்டா அதுவே இன்னொரு ஸ்பீக்கர். மூடி விளிம்புல ரப்பர் சீல் வைங்க, சின்ன சந்து கூட நிறைய சத்தத்தை வெளிய விடும். ஆனா மோட்டாருக்குக் காத்து வேணும், அதனால காத்து வழியை நேரா விடாம உள்பக்கம் ஃபோம் ஒட்டின ரெண்டு திருப்பம் இருக்கற டக்ட் வழியா விடுங்க, காத்து திரும்பிப் போகும், சத்தம் ஒவ்வொரு திருப்பத்துலயும் கொஞ்சம் சாகும். பாக்ஸ் போட்டப்புறம் மோட்டார் டெம்பரேச்சரை மறுபடி பாருங்க. பேட்டரியோட வென்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீங்க.

12. மறுபடி ரெக்கார்ட்

அதே டேப் மார்க், அதே ஆர்பிஎம் படிகள். இப்ப புதுசா ஏதாவது கேட்கும், ரடர் ஆட்டம், பில்ஜ் பம்ப், அலமாரிக்குள்ள பாத்திரம், இதுங்க எல்லாம் முன்னாடியும் இருந்தது, பெரிய சத்தம் மறைச்சிட்டு இருந்துச்சு.

பத்து, இருபது மணி நேரம் ஓடினப்புறம் பெல்ட் டென்ஷன், மவுன்ட் நட், ஃப்ளாஞ்ச் இடைவெளி மூணையும் ஒரு தடவை பாருங்க, புது பெல்ட்டும் புது ரப்பரும் கொஞ்சம் தளரும். கடைசி ரெக்கார்டிங்கை அழிச்சிடாதீங்க, சீசனுக்கு ஒரு தடவை அதோட புதுசை ஒப்பிட்டுப் பார்த்தா பேரிங் போக ஆரம்பிக்கும்போதே நீங்க போட்ட கணக்குல எதுலயும் சேராத ஒரு புதுக் கோடு ஸ்பெக்ட்ரம்ல முளைச்சிருக்கும்.